இழுப்பறைப் பறவையும் புதரில் பாடும் பறவையும்

நல்ல கேமராவும் பைனாகுலரும் எல்லோர் கையிலும் இருக்கிற இந்தக் காலத்தில், அருங்காட்சியகங்கள் செத்த பறவைகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருப்பது எதற்கு? பறவைகளை முறையாகப் படிக்க நினைப்பவர் களத்தில் தொடங்குவதா, அருங்காட்சியகத்தில் தொடங்குவதா? நீங்கள் கேட்டது இதுதான். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அதனால் ஒரு சின்னக் குருவியின் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1867இல் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்ற ஆங்கிலேய அதிகாரி, இமயமலையின் சட்லெஜ் பள்ளத்தாக்கில் ராம்பூருக்கு அருகே, பழுப்பு நிற நாணல் கதிர்குருவி ஒன்றைச் சேகரித்தார். அலகு கொஞ்சம் நீளம். மற்றபடி பார்த்தவுடன் மறந்துபோகிற பறவை. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதைப்போல் இன்னொன்றை யாரும் அடையாளம் காணவில்லை. தனி இனமா, வேறொரு இனத்தில் தப்பிப் பிறந்த ஒன்றா என்ற சந்தேகமும் தீரவில்லை. 2002இல், அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைத்திருந்த அந்த ஒற்றைத் தோலிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்து, தனி இனம்தான் என்று முடிவு சொன்னார்கள். உயிரோடு இருக்கிறதா என்பதற்கு அப்போதும் விடை இல்லை.

2006 மார்ச்சில் தாய்லாந்தில் பறவைகளின் காலில் அடையாள வளையமிட்டுக்கொண்டிருந்த ஃபிலிப் ரவுண்ட் என்ற ஆய்வாளரின் வலையில் ஒரு கதிர்குருவி விழுந்தது. அலகு நீளமாகவும் இறக்கை குட்டையாகவும் இருந்தது அவருக்கு உறுத்தியது. அளவுகளைக் குறித்து, படமெடுத்து, இறகு மாதிரி எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார். இறகின் டிஎன்ஏ ஹியூமின் தோலோடு பொருந்தியது. பிறகு இங்கிலாந்தில் ட்ரிங் அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளைத் துழாவியபோது, பிளைத் நாணல் கதிர்குருவி என்று எழுதி வைத்திருந்த வரிசையில் இதே இனத்தின் இன்னொரு தோல் கிடைத்தது. அது 1869இல் சேகரித்தது. 2008இல் மேலும் பத்துத் தோல்கள் வெவ்வேறு சேகரிப்புகளில் அடையாளம் காணப்பட்டன. எல்லாம் அத்தனை ஆண்டுகளாகத் தவறான பெயரோடு படுத்திருந்தவை. அந்தத் தோல்களில் கட்டியிருந்த சீட்டுகளின் இடமும் தேதியும் அது எங்கே வலசை போகிறது, எங்கே கூடு கட்டக்கூடும் என்பதற்குத் துப்பு கொடுத்தன. அதே 2008இல் ஆப்கானிஸ்தானின் பாமிர் மலைப்பகுதியில் ஓர் ஆய்வாளர் பதிவுசெய்த பாட்டு, அதே பறவையின் இனப்பெருக்க இடத்தைக் காட்டிக்கொடுத்தது. அடுத்த ஆண்டு வலைகட்டிப் பிடித்து உறுதி செய்தார்கள்.

இந்தக் கதையில் எந்த ஒரு கண்ணியையும் கழற்றிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியாது. ஹியூமின் தோல் இல்லையென்றால் தாய்லாந்துக் குருவிக்குப் பெயர் இல்லை. வலையில் பிடித்தவருக்கு அந்த உறுத்தல் வரவில்லையென்றால் இழுப்பறையை யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

தோல் என்று சொல்கிறேனே, அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிளையில் நிற்கவைத்த பறவைதான் பலருக்கு நினைவுக்கு வரும். அது பார்வையாளருக்கானது. ஆய்வுக்கான பறவை வேறு. வயிற்றில் ஒரு கீறல் போட்டு, உடலை வெளியே எடுத்து, மூளையை நீக்கி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, இறக்கைகளை உடலோடு ஒட்டி மடக்கி, மல்லாக்கப் படுக்க வைத்து உலர்த்தியிருப்பார்கள். கண் இருந்த இடத்தில் வெறும் பஞ்சு தெரியும். கால்களைச் சேர்த்துக் கட்டிய நூலில் ஒரு சீட்டு தொங்கும். பழைய தோல்களில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் சோப்பு பூசியிருப்பார்கள். அதனால் கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

முதல்முறை பார்ப்பவருக்குக் கொஞ்சம் மனக்கஷ்டமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஒரே இனத்தின் அறுபது, எழுபது பறவைகள் வரிசையாகப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்று போதாதா என்று கேட்டேன். பதிலை யாரும் வாயால் சொல்லவில்லை. ஒரு மணிநேரம் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்ததும் தானாகப் புரிந்தது. ஆண், பெண், முதல் வருடக் குஞ்சு, இறகு உதிர்க்கும் மாதம், உதிர்த்து முடித்த மாதம், வடக்கில் பிறந்தது, தெற்கில் பிறந்தது என்று ஒரே பெயருக்குள் அவ்வளவு வேறுபாடு. கையேட்டில் பார்க்கும் படம் அந்த அறுபதிலிருந்து யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த ஒன்று, அவ்வளவுதான்.

இதில் உயிர்நாடி அந்தச் சீட்டு. எங்கே, எந்தத் தேதியில், யார், என்ன எடை, ஆணா பெண்ணா என்பதை உள்ளுறுப்பைப் பார்த்துச் சொன்ன குறிப்பு, உடலில் கொழுப்பு இருந்ததா, இரைப்பையில் என்ன இருந்தது, கண்ணும் அலகும் காலும் உயிரோடு என்ன நிறம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசியாகச் சொன்னது முக்கியம். செத்த சில மணிநேரத்தில் அந்த நிறங்கள் மங்கிவிடும். எழுதாமல் விட்டால் போனது போனதுதான். 2009இல் ட்ரிங்கில் ஒரு திருட்டு நடந்தது. மீன் தூண்டிலுக்கு இறகால் போலி ஈ கட்டுபவர்கள் விரும்பும் பளபளப்பான இறகுகளுக்காக ஒருவர் 299 தோல்களைக் கொண்டுபோனார். அவற்றில் ஒரு பகுதி மீட்கப்பட்டது. மீட்டவற்றில் பலவற்றின் சீட்டு அறுக்கப்பட்டிருந்தது. பறவை திரும்பி வந்தும் அறிவியல் திரும்பவில்லை. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சீட்டின் அருமையை டார்வினே பட்டுத் தெரிந்துகொண்டார். 1835இல் கலாபகஸ் தீவுகளில் குருவிகளைச் சேகரித்தபோது எந்தக் குருவி எந்தத் தீவு என்று அவர் பெரும்பாலும் எழுதி வைக்கவில்லை. 1837இல் லண்டனில் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் அந்தத் தோல்களைப் பார்த்து, இவை தம்முள் நெருங்கிய உறவுடைய தனித்தனி இனங்கள் என்று சொன்ன பிறகுதான் தீவின் பெயர் எவ்வளவு தேவை என்று தெரிந்தது. கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராயும் உடன் வந்த வேறு சிலரும் தீவு குறித்து வைத்திருந்த தோல்களைக் கேட்டு வாங்கித்தான் அவர் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியிருந்தது.

சீட்டு இல்லாமற்போவதைவிட மோசமானது சீட்டு பொய் சொல்வது. இந்தியாவின் காட்டுச் சிறு ஆந்தை ஒன்றை ஹியூம் 1873இல் விவரித்தார். உலகம் முழுவதற்கும் ஏழே தோல்கள்தான் இருந்தன. கடைசியானது 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் கிடைத்ததாகச் சீட்டு சொன்னது. கொடுத்தவர் ரிச்சர்ட் மைனர்ட்ஸாகன் என்ற ராணுவ அதிகாரி. அதை நம்பித் தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பமேலா ராஸ்முசன் என்ற பறவையியலாளர் அந்தத் தோலைக் கூர்ந்து ஆராய்ந்தபோது அதன் உள்ளே வேறொருவரின் கைவேலை தெரிந்தது. 1884இல் ஜேம்ஸ் டேவிட்சன் மகாராஷ்டிரத்தின் கான்தேஷ் பகுதியில் சேகரித்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த தோலைத் திருடி, பஞ்சை மாற்றித் தைத்து, புதுச் சீட்டு கட்டியிருந்தார் மைனர்ட்ஸாகன். அப்படியானால் 1914 பொய், மாண்ட்வி பொய். உண்மையான சீட்டுகள் சொன்ன இடங்களுக்குப் போனால் போதும். 1997 நவம்பரில் ராஸ்முசன், பென் கிங், டேவிட் அபாட் மூவரும் மகாராஷ்டிரத்தில் ஷஹாதாவுக்கு அருகே போனார்கள். பகல் வெளிச்சத்தில், இலையில்லாத மரத்தில் அந்த ஆந்தை உட்கார்ந்திருந்தது. பார்த்த கணத்திலேயே அடையாளம் சொல்ல முடிந்ததற்குக் காரணம், புள்ளி ஆந்தையிலிருந்து இது எங்கெங்கே வேறுபடுகிறது என்பதை, புள்ளி குறைந்த தலையையும் தடித்த பட்டைகளுள்ள இறக்கையையும் வெள்ளை இறகு மூடிய பருத்த காலையும், தோல்களை வைத்தே ராஸ்முசன் மனப்பாடம் செய்திருந்ததுதான். 113 ஆண்டு இடைவெளியை அருங்காட்சியக மேசைதான் மூடியது.

இழுப்பறையின் பெருமையை இவ்வளவு சொல்லியாயிற்று. அதற்குத் தெரியாதவற்றையும் சொல்லத்தான் வேண்டும்.

தோல் பாடாது. 1768இல் கில்பர்ட் வைட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், எல்லோரும் ஒரே பறவையாகக் குழப்பிக்கொண்டிருந்த இலைக் கதிர்குருவிகளில் மூன்று இனங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். துப்பு கொடுத்தது அவர் காது. மூன்றும் மூன்று விதமாகப் பாடின. இன்றும் அந்தக் குடும்பத்தில் சில இனங்களைத் தோலாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்களே திணறும். புதருக்குள் ஒரு தடவை குரல் கேட்டால் விஷயம் முடிந்துவிடும்.

தோல் கூடும் கட்டாது. தூக்கணாங்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தோல்கள் சேகரிப்புகளில் எத்தனையோ உண்டு. ஆனால் ஆண் பாதிக் கூடு கட்டிவிட்டு நிறுத்துகிறது, பெண் வந்து பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் கட்டி முடிக்கிறது, முடித்ததும் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை எதிர்பார்க்கிறது என்ற முறையைக் கண்டுபிடிக்க, 1930இல் இந்தியப் பறவையியலாளர் சலீம் அலி பம்பாய்க்கு அருகே கிஹிம் கடற்கரையில் கூடுகள் கூட்டமாகத் தொங்கிய ஓர் இடத்தின் முன்னால் நாள்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது. அதற்குச் சற்று முன்புதான் அவர் பெர்லின் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸமனிடம் தோல்களைப் படிக்கப் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். சிறுவனாக இருந்தபோது, தான் சுட்ட மஞ்சள் தொண்டைக் குருவி என்னவென்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போய், அங்கே அலமாரி அலமாரியாகப் பறவைகளைக் கண்டு மயங்கியவர் அவர். அந்த இரு ஈர்ப்பும் ஒருவருக்குள்ளேயே கடைசிவரை இருந்தன.

தோலுக்கு மரணத் தேதி உண்டு, வாழ்க்கை இல்லை. பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் 1973 முதல் கலாபகஸின் டாஃப்னி மேஜர் தீவில் குருவிகளுக்கு வண்ண வளையம் போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்கள். 1977 வறட்சியில் சின்ன விதைகள் தீர்ந்து, கடினமான பெரிய விதைகளே மிஞ்சின. பெரிய அலகுடையவை அதிகம் பிழைத்தன. அவற்றின் குஞ்சுகளுக்கும் பெரிய அலகு வாய்த்தது. இயற்கைத் தேர்வு நடப்பதை மில்லிமீட்டரில் அளந்து பார்த்தார்கள். எத்தனை ஆயிரம் தோல்களை அடுக்கினாலும் எது பிழைத்தது, எது யாருடைய குஞ்சு என்று அவை சொல்லாது.

இன்னொரு குறையும் இருக்கிறது, அதைப் பேசுபவர்கள் குறைவு. இங்கே இந்தப் பறவை இருந்தது என்று மட்டும் தோல் சொல்லும். இல்லை என்று ஒருபோதும் சொல்லாது. பழைய சேகரிப்பாளர்கள் அரியதைத் தேடிப் போனார்கள், சாதாரணமானதை விட்டார்கள். வண்ணம் மிகுந்த ஆணை எடுத்தார்கள், மங்கலான பெண்ணை விட்டார்கள். அதனால் ஒரு சேகரிப்பில் தோல்கள் குறைவு என்பதை வைத்து அந்த இனம் அன்று குறைவாக இருந்தது என்று கணக்குப் போட்டால் தவறிவிடும்.

இந்த ஓட்டையை நூறு ஆண்டுக்கு முன்பே யோசித்தவர் ஜோசப் கிரின்னல். 1908இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய முதுகெலும்பிகள் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர். தோலோடு நாட்குறிப்பையும் கட்டாயமாக்கினார். போன பாதை, தங்கிய நாள்கள், வானிலை, செடிகொடி, பார்த்த எல்லாப் பறவைகளின் எண்ணிக்கை என்று அன்றன்றே எழுத வேண்டும். இதன் மதிப்பு பல ஆண்டுகள், ஒருவேளை ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் தெரியும் என்று 1910இலேயே எழுதிவைத்தார். அப்படியேதான் நடந்தது. இந்த நூற்றாண்டில் ஆய்வாளர்கள் அதே குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடங்களுக்குத் திரும்பப் போனார்கள். மோஹாவி பாலைவனத்தில், 2018இல் வெளியான ஆய்வின்படி, ஓர் இடத்தில் சராசரியாக 43 சதவீதப் பறவையினங்கள் காணாமல் போயிருந்தன. மழை குறைந்து வெப்பம் கூடியதே முக்கியக் காரணம். அன்று பார்த்ததை எல்லாம் எழுதியிருந்ததால்தான் இன்று இல்லாததைப் பார்க்க முடிந்தது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு நேராக வருகிறேன். கேமரா இருக்க, தோல் எதற்கு? சேகரித்தவருக்கே தெரியாத கேள்விக்குத் தோல் பிற்காலத்தில் பதில் சொல்லும், அதற்காகத்தான். படத்தில் எடுத்தது மட்டும்தான் இருக்கும்.

பொரி வல்லூறுகள் இங்கிலாந்தில் ஏன் குறைகின்றன என்று தேடிய டெரெக் ராட்கிளிஃப், கூடுகளில் முட்டைகள் நொறுங்கிக் கிடப்பதைக் களத்தில் கண்டார். முன்பும் இப்படித்தானா என்று அறிய, பழைய முட்டைச் சேகரிப்புகளை அளந்தார். ஓட்டின் எடையை நீள அகலத்தோடு ஒப்பிட்டால், ஓட்டை உடைக்காமலே தடிமனைக் கணிக்கலாம். 1940களின் பிற்பகுதியில் ஓடு திடீரென மெலிந்திருந்தது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பரவலாகப் புழக்கத்துக்கு வந்த காலம் அது. 1967இல் முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டே அதே கதை வெளிவந்தது. அந்த முட்டைகளை எடுத்து வைத்தவர்களில் பெரும்பாலோர் பொழுதுபோக்குக்காகச் சேர்த்தவர்கள். பூச்சிக்கொல்லி என்ற எண்ணமே அவர்களுக்கு இருந்திருக்காது. ஸ்வீடனில் 1960களில் பழைய இறகுகளை ஆராய்ந்தபோது, விதைகளில் பாதரச மருந்து தடவத் தொடங்கிய 1940களிலிருந்து பறவைகளின் இறகில் பாதரசம் ஏறியது தெரிந்தது. 2017இல் வெளியான இன்னோர் ஆய்வில், அமெரிக்கத் தொழிற்பகுதியின் 1,300க்கும் மேற்பட்ட தோல்களில் இறகில் படிந்திருந்த கரியை அளந்து, 135 ஆண்டுகளின் காற்று மாசை வரைந்தார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கரி குறைந்ததும், இரண்டாம் உலகப் போரை ஒட்டிக் கூடியதும்கூட குருவியின் வயிற்றிறகில் எழுதியிருந்தது.

இதற்காக இன்னும் பறவைகளைக் கொல்ல வேண்டுமா என்ற கேள்வி உங்களுக்கு வரும், வர வேண்டும். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். எண்ணிக்கை குறைந்த இனத்தில் ஒன்றைக்கூட ஆய்வுக்காகக் கொல்வதை நான் ஏற்கமாட்டேன். அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் காட்டில் கண்டுபிடித்த புகுன் லியோசிக்லா என்ற பறவையை 2006இல் ரமணா ஆத்ரேயா கொல்லாமலே புது இனமாக விவரித்தார். வலையில் பிடித்து, இறகும் அளவும் படமும் குரலும் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார். அன்று அறியப்பட்டவை 14 பறவைகள்தான், வேறு எப்படிச் செய்திருக்க முடியும்? ஆனால் எதிர்ப்பக்க நியாயத்தையும் மறைக்கக்கூடாது. 1988இல் சோமாலியாவில் கிடைத்த ஒரு பறவையைப் புது இனம் என்று 1991இல், கொல்லாமல், ரத்தமும் இறகும் மட்டும் வைத்து விவரித்தார்கள். 2008இல் விரிவான டிஎன்ஏ ஒப்பீடு, அது ஏற்கெனவே அறிந்த இனத்தின் நிற வேறுபாடு என்று காட்டியது. ஒற்றைப் பறவையை வைத்து முடிவுகட்டுவதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு, தோலாக இருந்தாலும் படமாக இருந்தாலும்.

கொல்லாமல் சேகரிக்கவும் பெரிய வழி இருக்கிறது. சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் டேவ் வில்லார்ட் 1978 முதல் விடியற்காலையில் போய், வலசைக் காலத்தில் கட்டடக் கண்ணாடியில் மோதி விழுந்த பறவைகளைப் பொறுக்கினார். ஒவ்வொன்றையும் தம் கையாலேயே அளந்தார். 2016 வரை 52 இனங்களில் 70,716 பறவைகள். கால் எலும்பு 2.4 சதவீதம் குட்டையாகியிருந்தது, இறக்கை 1.3 சதவீதம் நீண்டிருந்தது. உலகம் சூடாவதோடு இது ஒத்துப்போகிறது. ஒரே மனிதர், ஒரே அளவுகோல், நாற்பது ஆண்டு. அளப்பவர் மாறினால் அளவும் கொஞ்சம் மாறும் என்பதால் இது சாதாரண விஷயமில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். களத்தில் தொடங்குங்கள். குழப்பம் வந்தபின் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். குழப்பம் இல்லாமல் போனால் இழுப்பறை வெறும் இழுப்பறையாகத்தான் தெரியும். பறவையியலாளர்கள் பெர் ஆல்ஸ்ட்ரோமும் ஷஷாங்க் தால்வியும் 2009இல் மேற்கு அருணாசலத்தில் ஒரு பூங்குருவியின் பாட்டு காட்டுக்குள் ஒரு மாதிரியும் மரமற்ற பாறைச் சரிவில் வேறு மாதிரியும் இருப்பதைக் கேட்டார்கள். அந்தக் கேள்வியோடு 7 நாடுகளின் 15 அருங்காட்சியகங்களில் தோல்களைப் பார்த்தபோதுதான் காலிலும் அலகிலும் வாலிலும் வேறுபாடு தெரிந்தது. 2016இல் காட்டுக்குள் பாடியதைத் தனி இனமாக அறிவித்து, அதற்குச் சலீம் அலியின் பெயரை வைத்தார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது இது. உங்களைக் குழப்புகிற இரண்டு மூன்று இனங்களை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவுப் பொறுப்பாளருக்கு முன்கூட்டியே எழுதுங்கள். என்ன பார்க்க வேண்டும், ஏன் என்று தெளிவாகச் சொன்னால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். அங்கே முதலில் சீட்டைப் படியுங்கள், பிறகு பறவையைப் பாருங்கள். மாதவாரியாக வரிசைப்படுத்தி இறகு உதிர்வைக் கவனியுங்கள். இறக்கையின் முதன்மை இறகுகளில் எது மற்றதைவிட நீளம் என்று பாருங்கள். நல்ல படங்களில் இப்போது அதை எண்ண முடிகிறது. உலர்ந்த தோலில் இறக்கை சற்றுச் சுருங்கியிருக்கும், ஆகவே உயிருள்ள பறவையின் அளவோடு அப்படியே ஒப்பிடாதீர்கள்.

களத்தில், அரியதை மட்டும் குறிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பார்த்த பறவைகளை யாரும் பதிவிடக்கூடிய, 2002 முதல் இயங்கும் ஈபேர்ட் இணையதளத்தில் பட்டியல் இடும்போது, அடையாளம் கண்ட எல்லாவற்றையும் சேர்த்தேனா என்று ஒரு கேள்வி வரும். அதற்கு உண்மையாக ஆம் சொல்லும்படி பாருங்கள். காகத்தையும் எண்ணுங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம் எழுதுங்கள். கேட்டு அறிந்ததா, கண்டு அறிந்ததா என்று பிரித்து எழுதுங்கள். தெரியாத பறவைக்குப் பெயர் சூட்டாமல், கண்டதை மட்டும் எழுதிக் குரலைப் போனில் பதிவுசெய்யுங்கள். செத்த பறவை கண்ணில் பட்டால், பல நாடுகளில் அனுமதியில்லாமல் எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்பதை நினைவில் வையுங்கள். இடம், தேதியோடு படமெடுத்து அருங்காட்சியகத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவியுங்கள். காலில் வளையம் இருந்தால் அதன் எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.